கிருமியின் எழுத்துகளைப் படிக்க லிந்துலை வரை

அட்டன் பஸ் நிலையத்தில் இறங்கி, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்ட பிறகுதான் என்னிடம் ஒரு பெட்டி குறைவது தெரிந்தது. துணிப்பெட்டி காலடியில் இருந்தது. மடிக்கணினிப் பை தோளில் தொங்கியது. விமானத்தில் ஏறியதிலிருந்து மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்த நீலநிறக் குளிர்ப்பெட்டியைத்தான் காணோம். நான் வந்த பஸ் அதற்குள் வளைவில் திரும்பி, தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மண்சரிவால் ரயில் ஓடவில்லை, அதனால் பஸ். வட்டவளையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தையின் காலில் இடிக்கிறதே என்று பெட்டியை இருக்கைக்குக் கீழே தள்ளினேன். பிறகு குழந்தைக்கு விளையாட்டுக் காட்டத் தொடங்கிவிட்டேன். பெட்டியைத் தொலைக்க எனக்கு அவ்வளவு போதுமாக இருந்தது.

என்னை அழைத்துப்போக வந்திருந்தவர் மகேந்திரன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர். ஊரில் எல்லோரும் அவரை 'பீ.எச்.ஐ. சார்' என்கிறார்கள். நாற்பது வயதிருக்கும். நான் சொன்னதைக் கேட்டதும் பஸ் டிக்கெட்டை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். அதில் பஸ்ஸின் எண் இருந்தது.

"அழுவாதீங்க மிஸ். இந்த ரோட்டுல ஓடுற பஸ்ஸு அத்தனையும் நமக்குத் தெரிஞ்சதுதான். ஒண்ணும் காணாமப் போவாது."

நான் அழவில்லை. பனியில் மூக்குக்கண்ணாடி நனைந்திருந்தது. ஆனால் அழுதிருந்தாலும் தப்பில்லை. அந்தப் பெட்டிக்காகத்தான் இந்தப் பயணமே.

நான் திருச்சியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். தொழுநோய்க் கிருமியின் மரபணுவைப் படிப்பது எங்கள் வேலை. இந்தக் கிருமிக்கு ஒரு பிடிவாதம் உண்டு: எந்த ஆய்வுக்கூடத் தட்டிலும் வளராது. மற்றக் கிருமிகள் என்றால் வளர்த்து, மருந்தை விட்டு, சாகிறதா பிழைக்கிறதா என்று பார்த்துவிடலாம். இதனிடம் அது நடக்காது. நோயாளியின் தோலிலிருந்து துளி எடுத்து, அதிலுள்ள கிருமியின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்து, மருந்தை எதிர்க்கும் மாற்றம் ஏதாவது வந்திருக்கிறதா என்று தேட வேண்டும்.

மலையகத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் தோல் மருத்துவர் எங்கள் கூடத்திடம் உதவி கேட்டிருந்தார். மாதிரியைக் கடல் தாண்டி எங்களுக்கு அனுப்புவதென்றால் அனுமதிகள் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அதனால் உள்ளங்கையில் அடங்கும் படிப்புக் கருவியை என் கையில் கொடுத்து, "நீயே போய்ப் படித்துவிட்டு, அங்கிருப்பவர்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டு வா" என்று அனுப்பிவிட்டார்கள். கருவி கணினிப் பையில் பத்திரமாக இருந்தது. அதற்குள் பொருத்த வேண்டிய சில்லு, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது, அதுதான் குளிர்ப்பெட்டியில் போய்விட்டது. என்னிடம் வேறு சில்லு இல்லை.

மகேந்திரன் யார் யாருக்கோ போன் செய்தார். பாதி தமிழ், பாதி சிங்களம். கடைசியில் முகம் மலர்ந்தது. தலவாக்கலையில் பஸ்ஸை நிறுத்திப் பெட்டியை எடுத்து, நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் கொடுத்துவிட்டார்களாம்.

"ஃபாரூக் நானா கடை. பிரிஜ் இருக்கு அவர்கிட்ட. பெட்டி மேல குளிர்ல வெக்கணும்னு எழுதி இருந்துச்சாம். அவரு உள்ள வெச்சுட்டாராம்."

பெட்டிமேல் 'குளிரில் வைக்கவும்' என்று எழுதியவள் நான்தான். 'உறைய விடக் கூடாது' என்று எழுதவில்லை. ரசாயனக் குப்பிகள் உறைந்தால் பாதகமில்லை. சில்லு உறைந்தால் அதில் உள்ள நுண்ணிய துளைகள் எல்லாம் கிழிந்துவிடும். குளிர் என்று படித்ததும் கடைக்காரர் எங்கே வைப்பார்? ஐஸ்பெட்டியில்தான்.

ஃபாரூக் நானா போனை எடுக்கவில்லை. ஆட்டோவில் புறப்பட்டோம். ஒரு வளைவில் தேயிலை மூட்டை ஏற்றிய லாரி அச்சு முறிந்து குறுக்கே நின்றது. மூடுபனியில் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. திருச்சியில் இந்நேரம் பெட்டிக்குள் இருக்கும் ஐஸ் எல்லாம் தண்ணீராகி, அந்தத் தண்ணீரும் சூடாகியிருக்கும் என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்பேன். இங்கே என் கவலை நேர் எதிர். ஊரே ஒரு குளிர்சாதனப் பெட்டி மாதிரி இருக்க, என் சில்லு அளவுக்கு மேல் குளிர்ந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு போனேன்.

ஃபாரூக் நானா பெரிய உடம்பும் சின்னக் குரலும் உடைய மனிதர். கடையில் அரிசி, பருப்பு, மாலுபாண் என்று சொல்லும் மீன் வைத்த பன், மழைக்கோட்டு, பூட்டு, எல்லாம் இருந்தன. "நானா" என்றால் அண்ணன். சிங்களவர், தமிழர் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நான் கடைக்குள் நுழைந்த வேகத்தைப் பார்த்து அவரே பயந்துவிட்டார்.

"பெட்டி பத்திரமா இங்கதான் ஈக்கி, பயப்பட வேணாம். மொதல்ல ஐஸ்பெட்டிக்குள்ள வெக்கத்தான் பாத்தேன். உள்ளுக்கு முழுக்க இறைச்சி. ஆஸ்பத்திரிச் சாமான், யாரு எவருக்குப் போற மருந்தோ, இறைச்சிக்கு மேல வெக்க மனசு வரல்ல. அதான் தயிர் வெக்கிற கண்ணாடி பிரிஜ்ஜுல வெச்சேன். பிழையா?"

எருமைத்தயிர்ச் சட்டிகளுக்கு நடுவில், கண்ணாடிக்குப் பின்னால், என் நீலப்பெட்டி உட்கார்ந்திருந்தது. அவருடைய கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. "ரொம்பச் சரி நானா" என்று மட்டும் சொன்னேன்.

அவர் எங்களை விடவில்லை. "தேத்தண்ணி குடிக்காமப் போகேலாது" என்று நாற்காலி போட்டார். பால் பவுடரைக் கரைத்த மாப்பாலில் போட்ட, இனிப்பு தூக்கலான டீ. தேயிலை விளைகிற மலையில் மாப்பால் டீயா என்று ஊரில் இருந்தபோது கேட்டால் சிரித்திருப்பேன். அன்றைக்கு அதைப்போல ஒரு டீ நான் குடித்ததில்லை.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தங்கும் விடுதியில் தேங்காய் ரொட்டியும் கட்டசம்பலும் கொடுத்தார்கள். மிளகாயையும் வெங்காயத்தையும் மாசிக்கருவாட்டோடு இடித்த அந்தச் சம்பல், நம் ஊர்த் துவையல்களுக்கெல்லாம் அக்கா. கண்ணில் நீர் வடிய இரண்டாவது ரொட்டி கேட்டேன்.

தோல் மருத்துவர் நயனா சிங்களப் பெண். குட்டையாக, துறுதுறுவென்று இருந்தார். தமிழைக் கிளினிக்கில் கற்றுக்கொண்டாராம்; அதனால் வலி, வீக்கம், அரிப்பு, மாத்திரை எல்லாம் சரளமாக வருகிறது, மற்றதெல்லாம் தேடித் தேடி வருகிறது. வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களைக் காட்டினார். ஒரு பெண் கோடியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் இரண்டு பேர் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

அவர்தான் விஜயா. லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்பவர். அம்மாக்கள் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது சிறு பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் காப்பகத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். காதோரத்தில் தடித்திருந்தது, கன்னத்தில் வெளிறிய படை.

விஜயாவுக்குச் சில வருடங்களுக்கு முன்பே தொழுநோய் வந்து மருத்துவம் தொடங்கியிருந்தார்கள். பாதியில், நாட்டில் பெற்றோல் இல்லாமல் பஸ் ஓடாத காலம் வந்தது. மலையிலிருந்து கிளினிக்குக்கு வர வழியில்லாமல் பல மாதங்கள் மாத்திரை விட்டுப்போனது. பிறகு தொடர்ந்தார், முடித்தார், சரியாகிவிட்டது என்றே நினைத்தார்கள். இப்போது திரும்பவும் வந்திருக்கிறது. மாத்திரையை மறுபடி தொடங்கியாயிற்று. ஆனால் அரைகுறையாக மருந்து கண்ட கிருமி மருந்துக்குப் பழகிப்போயிருக்குமோ என்பதுதான் டாக்டரின் பயம்.

காதுமடலில் சின்னதாகக் கீறி மாதிரி எடுக்க வேண்டும். நான் கையுறை போடும்போது விஜயா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், புள்ளைங்களுக்கும் இப்பிடிக் கீறுவீங்களா?"

"இல்லைங்க. உங்களுக்கு மட்டும்தான்."

"அப்பச் சரி. கீறுங்க."

முடியும் வரை அசையவில்லை. பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டபோதுதான் பேசினார்.

"எனக்கு வந்தா வந்துட்டுப் போவுதுங்க. அந்தப் புள்ளைங்களுக்குச் சோத்தப் பெசஞ்சு ஊட்டுனது இந்தக் கைதான். மூக்கச் சிந்திவிட்டது, குளிப்பாட்டுனது, தூங்க வெச்சது எல்லாம் நான்தான். சஞ்சய்னு ஒரு பய, என் மடியில படுத்தாத்தான் கண்ண மூடுவான். டொக்டர் அம்மா சொன்னாங்க, புள்ளைங்களுக்கு முன்கூட்டியே ஒரு மருந்து குடுத்தாச்சுன்னு. அந்த மருந்து கேக்குமா கேக்காதான்னு ஒங்க மெசின் சொல்லுமாமே?"

முசிறியில் என் சித்தி பேசுகிற அதே பேச்சு. கடவுச்சீட்டில் முத்திரை வாங்கி வந்த ஊரில் அதைக் கேட்டதும் ஒரு கணம் எங்கே இருக்கிறேன் என்று குழம்பிவிட்டது.

"சொல்லும்" என்றேன்.

அவர் கேட்டதுதான் விஷயத்தின் மையம். தொழுநோயாளியோடு நெருங்கிப் பழகியவர்களுக்கு நோய் வராமல் தடுக்க ஒரே வேளை ஒரு மருந்து கொடுப்பார்கள். முழுக் கவசம் இல்லை, ஆனால் பெரிய உதவி. இரண்டு வயது தாண்டிய பிள்ளைகளுக்கெல்லாம் மகேந்திரன் அதைக் கொடுத்திருந்தார். விஜயா சாப்பிடும் முக்கிய மருந்தும் அதேதான். விஜயாவின் கிருமி அந்த மருந்தை எதிர்க்கிறது என்றால், பிள்ளைகளுக்குக் கொடுத்ததும் வீண்.

விஜயாவின் நோயும் இந்தச் சந்தேகமும் தோட்டத்து ஆட்களுக்கு எப்படியோ எட்டிவிட்டன. காம்பராவைப் பூட்டிவிட்டார்கள். "யாரும் அந்தக்காவ ஒண்ணும் சொல்லலீங்க மிஸ்" என்றார் மகேந்திரன். "சாப்பாடு கூடக் குடுக்குறாங்க. என்னா, வாசல்ல வெச்சுட்டுக் கதவத் தட்டிட்டுப் போயிருவாங்க. அந்தக்கா நாலஞ்சு நாளா அதத் தொடவே இல்ல."

பிற்பகலில் வேலையைத் தொடங்கினோம். எனக்கு உதவியாக தரங்கா என்ற சிங்களப் பெண் இருந்தாள். அந்த ஆய்வுக்கூடத்தின் தொழில்நுட்பர். இருவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் ஆங்கிலமும் நிறையக் கையசைப்பும். முதலில் கிருமியின் மரபணுவில் நமக்கு வேண்டிய பகுதிகளை மட்டும் பல கோடிப் பிரதிகளாகப் பெருக்க வேண்டும். அதற்கான இயந்திரம் சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து ஓடும். பாதி ஓடியிருக்கும், எங்கோ மரம் விழுந்து மின்சாரம் போனது. ஜெனரேட்டர் அறுவை அரங்குக்கு மட்டும்தான். கறுத்துப் போன திரையைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இருவரும் நின்றோம்.

தரங்கா தன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். கித்துள் என்ற பனைவகை மரத்தின் கருப்பட்டி. அதைக் கடித்துக்கொண்டு சர்க்கரை போடாத டீயை உறிஞ்ச வேண்டும் என்று செய்து காட்டினாள். மாதிரியில் பாதியை எடுத்து வைத்திருந்தேன். நாளைக்கு மறுபடி செய்யலாம். கருப்பட்டி நன்றாக இருந்தது.

அடுத்த நாள் மின்சாரம் ஒழுங்காக இருந்தது. பெருக்கம் முடிந்தது. தயிர்ச் சட்டிகளோடு உட்கார்ந்திருந்த சில்லை எடுத்துக் கருவியில் பொருத்திச் சோதித்தேன். துளைகளில் பெரும்பாலானவை உயிரோடு இருந்தன. ஃபாரூக் நானாவை மனதுக்குள் வாழ்த்திக்கொண்டு, மாதிரியைத் துளித்துளியாக உள்ளே விட்டேன்.

மரபணு இழைகள் அந்தத் துளைகளுக்குள் நுழைந்து போகும்போது மின்னோட்டம் மாறும். அந்த மாற்றத்தைக் கணினி எழுத்தாக்கிவிடும். நான்கே எழுத்துகள்தான், திரும்பத் திரும்ப. திரையில் அவை ஓடத் தொடங்கியதும் வாசலில் இரண்டு தாதியர் வந்து நின்றார்கள். சிங்களத்தில் ஏதோ கேட்டார்கள். தரங்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்கு மொழிபெயர்த்தாள்: "இது மாப்பிள்ளை ஜாதகமும் பார்க்குமா என்று கேட்கிறார்கள். ஒருத்திக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்."

முதல் பதில் சீக்கிரம் வந்தது. இது தொழுநோய்க் கிருமிதான், வேறு எதுவும் இல்லை. இனி அந்த மருந்து போய்ப் பிடிக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். எதிர்ப்புக் கொண்ட கிருமிகளில் அந்தச் சின்ன இடத்தில்தான் எழுத்து மாறியிருக்கும். எங்கள் கூடத்தில் எத்தனையோ முறை பார்த்த இடம். என் வீட்டுத் தெருவைப் போலத் தெரியும்.

எழுத்துகள் வந்தன. ஒன்று மாறியிருந்தது.

தரங்கா என் முகத்தைப் பார்த்தாள். இன்னும் ஓடட்டும் என்று கையசைத்தேன். இந்தக் கருவி வேகமாகப் படிக்கும், ஆனால் அவசரத்தில் தப்பாகவும் படிக்கும். ஒரே இடத்தை நூற்றுக்கணக்கான முறை படித்து, பெரும்பாலானவை என்ன சொல்கின்றன என்று பார்த்தால்தான் நம்பலாம். அதுவரை வந்த படிப்புகள் பத்துப் பதினைந்துதான். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் என்ன? மடியில் படுத்தால்தான் தூங்குவான் என்ற சஞ்சயின் பெயர் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் முகம் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

மதியச் சோறு வந்தது. லீக்ஸ் கறி, பருப்பு, அப்பளம். என்னால் சாப்பிட முடியவில்லை. தரங்கா என்னை அதட்டி நான்கு வாய் சாப்பிட வைத்தாள். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது படிப்புகள் குவிந்திருந்தன. மாறிய எழுத்து சிறுபான்மையாகிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தேடினால்தான் கிடைக்கும் என்ற அளவுக்குப் போனது. அப்புறம் அதுவும் இல்லை. அந்த இடம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தது. தொழுநோய்க்குக் கொடுக்கும் வேறு இரண்டு மருந்துகளுக்கான இடங்களையும் பார்த்தேன். அவையும் அப்படியே.

விஜயாவின் கிருமி எதையும் கற்றுக்கொள்ளவில்லை. விட்டுப்போன மாதங்களில் கொஞ்சம் பிழைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

தரங்காவிடம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். அவள் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அவள் தலைமுடியில் வெந்தயம் போட்ட எண்ணெய் மணத்தது. டாக்டர் நயனா வந்தார், திரையைப் பார்த்தார், ஒவ்வொரு இடமாகக் கேட்டுத் தெளிந்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லம்" என்றார் தமிழில். "மிச்சம் நல்லம்." மிச்சம் என்றால் இங்கே ரொம்ப.

அன்று மாலையே விஜயாவை வரச் சொல்லி டாக்டர் விஷயத்தைச் சொன்னார். விஜயா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அப்ப புள்ளைங்க மருந்து?" வேலை செய்யும் என்றதும் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். நாங்கள் காத்திருந்தோம். டாக்டர் மெல்ல, "தோட்டத்து அம்மாக்களிடம் இதைச் சொல்லலாமா? உங்கள் பெயர் சொல்லாமல்கூடச் சொல்ல முடியும்" என்று மகேந்திரன் மூலமாகக் கேட்டார்.

"எம் பேரச் சொல்லியே சொல்லுங்க" என்றார் விஜயா. "தெரியாதவங்க யாரு இருக்காங்க? சொல்லாம இருக்கவும்தான் ஆளுக்கொண்ணா பேசுறாங்க."

அடுத்த நாள் விடிந்ததும் ஆஸ்பத்திரி வேனில் தோட்டத்துக்குப் போனோம். லிந்துலையைத் தாண்டியதும் பாதை குறுகியது. தேயிலைச் செடிகள் வேனின் இரு பக்கமும் உரசின. ஏற்றத்தில் வேன் நின்றுவிட்டது. டிரைவரைத் தவிர எல்லோரும் இறங்கித் தள்ளினோம், டாக்டர் உட்பட. என் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்கக் குனிந்தபோது காலில் ஓர் அட்டை ஏறியிருந்தது. மகேந்திரன் பாக்கெட்டிலிருந்து சோப்புத் துண்டு எடுத்து அட்டை உதிரும்வரை தேய்த்தார். அது இல்லாமல் அவர் வீட்டை விட்டு இறங்குவதில்லையாம்.

பெரட்டுக்களத்தில் பெண்கள் கூடியிருந்தார்கள். காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் இடம் அது. இடுப்பில் படங்குச் சாக்கு, தலையில் கூடைக் கயிறு. பலர் இடுப்பில் பிள்ளைகளும் இருந்தன. விஜயா சற்றுத் தள்ளி, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துச் சுவரோரம் நின்றார்.

டாக்டர் நயனா தமிழிலேயே பேசினார். "விஜயாவுக்கு வந்தது லாதுரு. தமிழில் தொழுநோய். மாத்திரை தொடங்கியாச்சு. அவங்களிடமிருந்து இனி யாருக்கும் போகாது. இந்த மிஸ் இந்தியாவிலிருந்து வந்து கிருமியைப் பார்த்தது. மருந்து நல்லா வேலை செய்யும். பிள்ளைக்குக் கொடுத்த மருந்தும் வேலை செய்யும். நாங்க திரும்பத் திரும்ப வந்து பிள்ளைகளைப் பார்ப்போம். பயம் வேணாம்."

பின்னால் நின்ற ஓர் ஆள், "மெசினு சொன்னா ஆச்சா?" என்றார். மகேந்திரன் அவருக்கு என்னவோ பதில் சொல்லத் தொடங்கினார். அதற்குள் முன்வரிசையில், இடுப்பில் ஒரு பையனோடு நின்ற இளம்பெண் குரல் கொடுத்தாள்.

"அப்பக் காம்பரா எப்ப தொறப்பீங்க? எம் மூத்தவ இவனப் பாத்துக்கிட்டுப் பள்ளிக்கொடம் போகாம நிக்கிறா."

அவள் பெயர் கௌரி. அவள் கேட்டதும் பலர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். ஒருத்திக்கு வேலைக்கு வராத நாட்கள் கூடிவிட்டன. ஒருத்தியின் குழந்தை அடுப்பில் கைவைத்துவிட்டது. இன்னொருத்தி தன் பிள்ளையைத் துணித் தூளியில் கட்டி மலைக்கே தூக்கிப் போய்க்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் விஜயா இல்லாமல் எப்படிச் சமாளித்தார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சமாளிக்கவே இல்லை.

எல்லோரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பாதிப் பேர்தான் அன்றைக்குப் பிள்ளைகளைக் காம்பராவுக்குக் கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டார்கள். அந்தப் பாதியே எனக்குப் போதுமாக இருந்தது. டாக்டரும் அப்படித்தான் சொன்னார்.

காம்பரா ஒரே ஒரு நீள அறை. தகரக் கூரை, கயிற்றுத் தொட்டில்கள், சுவரில் யானைப் படம். விஜயா பூட்டைத் திறந்து, ஜன்னல்களைத் தள்ளி, பாய்களை உதறிப் போட்டார். பிள்ளைகள் வாசலில் தயங்கி நின்றன. கௌரியின் இடுப்பிலிருந்த பையன் மட்டும் இறங்கி ஓடிப்போய் விஜயாவின் சேலையைப் பிடித்துக்கொண்டான். அவன்தான் சஞ்சய்.

விஜயா அவனைத் தூக்கவில்லை. கைகள் தூக்கப் போய் நின்றுவிட்டன. குனிந்து அவன் கையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கௌரியை ஒரு பார்வை பார்த்தார்.

"இது என்னாடி நகம்? மண்வெட்டி மாதிரி வளந்து கெடக்கு. ஒரு மாசமா வெட்டவே இல்லியா? இதோடயா சோறு திங்கிறான்?"

"நேரம் எங்கக்கா?" என்றாள் கௌரி. சொல்லும்போதே அழுதுவிட்டாள். சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

விஜயா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எல்லாம் தானாக நடந்தது. மற்றப் பிள்ளைகளும் உள்ளே வந்தன. ஒன்று அழுதது, ஒன்று அடுத்ததைக் கடித்தது. மகேந்திரன் விறகு எடுத்துக் கொடுத்தார். அடுப்பில் பால் கொதித்தது. விஜயா அதைக் கோப்பைகளில் ஊற்றி வைத்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேனுக்குப் போக மனமில்லை.

ஒரு கோப்பையைக் கையில் எடுத்த விஜயா அதைக் கீழே வைத்தார். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கிளம்பிய கௌரியைக் கூப்பிட்டார்.

"கௌரி, இங்க வா. இத நீ தொட்டுப் பாரு."

"என்னாக்கா?"

"சூடு சரியா இருக்கான்னு பாரு. எனக்கு இந்தக் கை வெரல்ல சூடு தெரியாது. ரொம்ப நாளாவே தெரியாது. கன்னத்துல ஒத்திப் பாத்து ஒத்திப் பாத்துக் குடுத்துக்கிட்டிருந்தேன். ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல."

கௌரி கூடையை இறக்கி வைத்தாள். கோப்பைக்குள் சுண்டுவிரலை விட்டு எடுத்து, சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் ஆறட்டும்க்கா."

இருவரும் வாசல்படியில் உட்கார்ந்தார்கள், நடுவில் சஞ்சய். மேலே மலையிலிருந்து, வேலை வாங்கும் கங்காணி கௌரியின் பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. இரண்டாவது முறையும் கூப்பிட்டார்.

"வர்றேன்னு சொல்லுங்க" என்று கௌரி எங்களைப் பார்த்துச் சொன்னாள். எழுந்திருக்கவில்லை.